தோற்றவர்களின் வீடியோ மட்டும் திறக்காது

எங்கள் அண்ணியைப் பற்றிச் சொல்வதென்றால் குறைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லையென்றால் நாத்தனார் என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்?

முதல் குறை, எதையும் பட்டென்று அணைக்க விடமாட்டாள். கம்ப்யூட்டரைச் சுவர் ஸ்விட்சில் அணைக்கக் கூடாது. போனிலிருந்து கார்டை அப்படியே உருவக் கூடாது. யாராவது கையை நீட்டினால் போதும், "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று அடுத்த அறையிலிருந்து ஓடி வருவாள். கல்யாணமான முதல் வாரத்தில் என் அண்ணன் ஏதோ ஒரு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துபோய் எனக்குப் போன் செய்தான். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து நான் ஆட்டோ பிடித்துப் போனேன். போனால், ஒரு ஹார்டு டிஸ்க்.

இரண்டாவது குறை, பேச்சு கிடையாது. எங்கள் வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால்தான் அதற்கு உரையாடல் என்று பெயர். இவள் ஐந்தாவதாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்பவளை எங்களுக்குப் பழக்கமில்லை, அதனால் திமிர் என்று முடிவு செய்தோம். மூன்றாவது குறையை நான் வெளியில் சொல்வதில்லை. பெரும்பாலும் அவள் சொல்வது சரியாக இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில், செத்துப்போன கார்டுகளிலிருந்து படங்களை மீட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தாள். கடையை மூடிவிட்டார்கள். நான்தான் எங்கள் அலுவலகத்தில் ஒப்பந்த வேலை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

எங்கள் அலுவலகம் டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் இடம். கொடுக்காமலிருக்கும் இடம் என்றும் சொல்லலாம். முதல் ஜன்னலில் விண்ணப்பம் வாங்குவார்கள். இரண்டாவதில் தேதி தருவார்கள். மூன்றாவதில் புகார். அதில் நான். எல்லோரும் என்னை 'மூணாம் ஜன்னல்' என்றுதான் கூப்பிடுவார்கள். என் கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு வட்ட ஓட்டை உண்டு. அதை இடுப்பு உயரத்தில் போட்டிருக்கிறார்கள். புகார் சொல்ல வருகிறவன் குனிந்து நின்றுதான் கோபப்பட முடியும். யோசித்துக் கட்டிய கட்டடம்.

டெஸ்ட் கார்கள் ஆறு. ஒவ்வொன்றிலும் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்ன ரெக்கார்டர். ஒரு கேமரா ரோட்டைப் பார்க்கும், இன்னொன்று ஓட்டுகிறவரின் கையையும் காலையும் பார்க்கும். தோற்றவர்கள் கேட்டால் வீடியோவைக் காட்ட வேண்டும் என்பது விதி. அந்த வீடியோக்களைப் பத்திரமாக எடுத்து வைப்பதுதான் அண்ணியின் வேலை.

ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்ட வேலை கிடைத்திருந்த ஒரு பெண் டெஸ்டில் தோற்று என் ஜன்னலுக்கு வந்தாள். குனிந்தாள். "நான் எங்க தப்பு பண்ணேன்னு பாக்கணும். வீடியோவைக் காட்டுங்க" என்றாள். அண்ணியை வரச் சொன்னேன். அண்ணி ஃபைலைத் திறந்தாள். திறக்கவில்லை. ஃபைல் இருக்கிறது, கனமாகவும் இருக்கிறது, ஆனால் 'இது வீடியோ அல்ல' என்று கம்ப்யூட்டர் சாதித்தது. அந்தப் பெண் நாலு தடவை வந்தாள். நாலு தடவையும் நான் விதியைப் படித்துக் காட்டினேன்: பதிவு இல்லாத பட்சத்தில் தேர்வாளர் முடிவே இறுதியானது. நாலாவது தடவை அவள் குனியவே இல்லை. நிமிர்ந்து நின்று என்னவோ சொன்னாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எனக்குக் கேட்கவில்லை. கேட்காததே நல்லது.

மூன்று மாதத்தில் இப்படி நாற்பத்தொன்று. மேலாளர் ஒரு பட்டியல் போடச் சொன்னார். போட்டேன். நாற்பத்தொன்றும் தோற்றவர்களுடையவை. பாஸானவர்கள் வீடியோ ஒன்றுகூடக் கெடவில்லை. பளிச்சென்று திறந்து, அவர்கள் பல்லைக் காட்டுவது வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

மேலாளர் அறிவாளி. தோற்றவர்களின் வீடியோ மட்டும் தொலைகிறது என்றால் யாரோ பார்த்துப் பார்த்து அழிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். யாரோ என்றால் யார்? நிரந்தர வேலையில் இருப்பவர்கள் தப்பு செய்வதில்லை, அது எங்கள் அலுவலகத்தின் பழைய நம்பிக்கை. மிச்சமிருந்தது ஒரே ஓர் ஒப்பந்தக்காரி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

அண்ணிக்குக் கடிதம் கொடுத்தார்கள். பத்து நாளில் விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள். அனுபவச் சான்றிதழில் 'பதிவுகளை அழித்ததாகச் சந்தேகம்' என்று ஒரு வரி சேர்த்துக் கொடுப்பார்கள். அந்த ஒரு வரியோடு போனால் நாளைக்கு எவன் அவள் கையில் தன் கார்டைக் கொடுப்பான்? வேலை போனால் வேறு வேலை தேடலாம். இது அவள் தொழிலையே பிடுங்குகிற வரி.

வீட்டில் என் அண்ணன் கடிதத்தை வாங்கிப் படித்தான். "எல்லாம் சரியாயிடும்" என்றான். அவன் அறிந்த ஒரே மந்திரம் அது. மேட்ச் பார்க்கப் போய்விட்டான்.

அண்ணி மறுநாளிலிருந்து இரண்டு நாள் டெஸ்ட் காரின் பின் சீட்டில் உட்கார்ந்தாள். முன் சீட்டில் எங்கள் தேர்வாளர். அவருக்கு 'இறங்கு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. தோற்றவர்கள் வைத்தது இது. பாஸ் செய்தவனிடம் "ம்" என்பார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஏசி காற்றில், மடியில் வைத்து ஃபாரத்தை நிரப்புவார். அப்புறம் ரெக்கார்டரின் ஸ்டாப் பட்டனை அமுக்குவார். தோற்றவனிடம் மட்டும் கை முந்தும். சாவியைத் திருப்பி உருவிக்கொண்ட பிறகுதான் "இறங்கு!" என்பார். காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் தோற்றுப்போன ஒருவன் கோபத்தில் இவரையும் வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் போய்விட்டான், இவர் பக்கத்துக் கதவு திறந்தபடியே. அன்றிலிருந்து முதலில் சாவி, அப்புறம் தீர்ப்பு. பாவம், அவர் உயிர் அவருக்கு வெல்லம்.

ரெக்கார்டருக்குக் கரண்ட் அந்தச் சாவி வழியாகத்தான் வருகிறது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே அண்ணி எனக்கு விளக்கினாள். அவள் என்னிடம் தொடர்ந்து பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

"படம் எல்லாம் கார்டுல எழுதிட்டேதான் வருது. ஆனா எந்தப் படம் எங்க இருக்குன்னு ஒரு பொருளடக்கம் வேணும். இந்த மெஷின் அதைக் கடைசியிலதான் எழுதும். ஸ்டாப் அமுக்குனா எழுதும். சாவியைப் பிடுங்குனா எழுத நேரமில்ல. பொருளடக்கம் இல்லன்னா கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கறது ஒண்ணுமே புரியாது."

"அப்போ படம் உள்ளதான் இருக்கா?"

"உள்ளதான் இருக்கு."

"அடப்பாவமே! நாப்பத்தோரு பேருக்கும் இல்லைன்னு நான்தானே சொல்லி அனுப்புனேன்!"

அண்ணி வெங்காயத்தை நறுக்கினாள். பிறகு, "இனிமே மாத்திடலாம்" என்றாள். "ரெண்டு செகண்டுக்கு ஒரு துண்டா எழுத வைக்கறேன். ஒவ்வொரு துண்டுக்கும் அதோட பொருளடக்கம் கூடவே வந்துடும். எழுதுனதை உடனுக்குடனே கார்டுல இறக்கிடணும், உள்ளயே வச்சுக்கிட்டு சோம்பேறியா உக்காந்திருக்கக் கூடாது. அப்புறம் எப்பப் பிடுங்குனாலும் கடைசி ரெண்டு செகண்டுதான் போகும். மத்தது நிக்கும்."

சோம்பேறி என்றபோது அவள், அண்ணன் சாய்ந்திருந்த கூடத்துப் பக்கம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அந்த ரெக்கார்டருக்குள்ளும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான் இருக்கிறதாம். ஒரு ரெக்கார்டரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு வாங்கி வந்து, அதன் புரோகிராமை மாற்றினாள். அப்புறம் ஆரம்பித்தது சோதனை. ரெக்கார்டரைக் கூடத்தில் வைத்து ஓடவிடுவாள், பிளக்கைப் பிடுங்குவாள், வீடியோ திறக்கிறதா என்று பார்ப்பாள், மறுபடி ஓடவிடுவாள், மறுபடி பிடுங்குவாள். எதையும் பட்டென்று அணைக்கக் கூடாது என்று எங்களைப் பாடாய்ப் படுத்தியவள் மூன்று சாயங்காலத்தில் இருநூறு தடவை பிளக்கைப் பிடுங்கினாள். கூடத்தில் வேறு எதுவும் அசையாததால் கேமராவை என் அண்ணன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அவனும் இடத்தை விட்டு அசையவில்லை. இருநூறு வீடியோவும் திறந்தன. இருநூறிலும் அவன் ஒரே சோபாவில் ஒரே காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள். பழைய நாற்பத்தொன்றையும் கையில் எடுத்தாள். அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, கெட்டுப்போனவற்றுக்குப் பொருளடக்கத்தைப் புதிதாகக் கட்டினாள். முப்பத்தெட்டு திறந்தன. எல்லாமே ஒரு கை சாவியை நோக்கி நீளும் இடத்தில் முடிந்தன. அண்ணி அழிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் அந்த முப்பத்தெட்டில் ஒன்பது பேர் ஒரு தப்பும் செய்யவில்லை. ரொட்டி வண்டிக்காரி அதில் ஒருத்தி. அழகாக ஓட்டியிருந்தாள். நான் ஓட்டினால் அப்படி ஓட்ட மாட்டேன், எனக்கு லைசென்ஸ் இருக்கிறது.

அண்ணி மூன்று பக்கத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் முதல் இரண்டு பக்கத்தை ஊன்றிப் படித்தார். அதுவே அவர் பணிக்காலத்தில் ஒரு சாதனை. காரணமும் புரிந்தது, ஒன்பது பேர் கணக்கும் தெரிந்தது அவருக்கு. அண்ணியைக் கூப்பிட்டு, "அப்போ நடுவுல கரண்ட்டை எடுத்துட்டா மொத்த வீடியோவும் போயிடும், அப்படித்தானே?" என்று கேட்டார்.

"பழைய முறையில போயிடும் சார்" என்றாள் அண்ணி.

'போயிடும்' மட்டும் அவர் காதில் விழுந்தது. மாற்றிய புரோகிராமை ஆறு கார் ரெக்கார்டர்களிலும், விசாரணைகளைப் பதிவு செய்ய விசாரணை அறையில் இருக்கும் அதே மாதிரி ஏழாவது ரெக்கார்டரிலும் திங்கட்கிழமையே ஏற்றிவிட்டதாக மூன்றாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தாள். மூன்றாம் பக்கத்துக்கு அவர் போகவேயில்லை.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால் விசாரணை. மேஜைமேல் அந்த ஏழாவது ரெக்கார்டர், சிவப்பு விளக்கோடு. அந்தப் பக்கம் மேலாளர், இந்தப் பக்கம் அண்ணி, பக்கத்தில் புகார்ப் பதிவேட்டோடு நான். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"பழைய பதிவுகளை மீட்க முடியுமா?"

"முப்பத்தெட்டை மீட்டாச்சு சார்."

"முடியாதுன்னு எழுதிக் கொடுங்க." குரல் தேனாகிவிட்டது. "ஒன்பது பேருக்குப் போய் நாங்க தப்பு பண்ணிட்டோம்னு சொன்னா இந்த ஆபீசுக்கு என்ன மரியாதை? மீட்க முடியாதுன்னு ஒரு வரி. உங்க ஒப்பந்தம் ரெண்டு வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு. சான்றிதழ்ல அந்த வரியும் இருக்காது." பேப்பரை நகர்த்தி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க நாத்தனார்தானே? கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

நான் எடுத்துச் சொன்னேன். வாய் இருக்கிறதே எனக்கு, எங்கே சும்மா இருக்கும்? "அண்ணி, போட்டுத் தொலைங்க. உண்மையை வச்சு உலை கொதிக்குமா? ஊர்ல எவன் சுத்தம்? கையெழுத்துதானே, போட்டுட்டு வாங்க, வீட்டுக்குப் போலாம்."

நான் பேசும்போதே மேலாளர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு எழுந்து சுவர் ஓரமாகப் போய்விட்டார். நான் முடித்த அந்த நொடியே ரெக்கார்டரின் பிளக்கைப் பிடுங்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது. "இனி இங்க யாரும் எதுவும் பேசல" என்று சிரித்தார். அண்ணி எழுதிய பாடத்தை அண்ணிக்கே நடத்திக் காட்டிய பெருமை அந்தச் சிரிப்பில் இருந்தது. "இப்பச் சொல்லுங்கம்மா."

அண்ணி பேப்பரைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினாள்.

"இத்தனை நாளா நான் பதிவை அழிச்சேன்னு சொன்னீங்க. நான் எதையும் அழிக்கல, அதனால தாங்க முடிஞ்சுது. இதுல கையெழுத்துப் போட்டா நீங்க சொன்னது நிஜமாயிடும். மாட்டேன் சார்."

எழுந்து வெளியே போனாள். போகும்போது ரெக்கார்டரைக் கையோடு எடுத்துக்கொண்டாள். அதைப் பராமரிப்பது அவள் வேலை. ஒப்பந்தம் இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது.

அன்று சாயங்காலமே மேலாளர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டார்: பதிவுகளை மீட்க இயலாது என்று தொழில்நுட்ப ஊழியர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டார், கையெழுத்திட அவகாசம் கேட்டார். நகல் என் ஜன்னல் வழியாகத்தான் போனது. வீட்டுக்கு ஓடி அண்ணியிடம் சொன்னேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பி, ஒரு வீடியோவை ஓடவிட்டாள்.

விசாரணை அறை. மேலாளரின் தேன் குரல். ஒன்பது பேர், ஒரு வரி, இரண்டு வருஷம், எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்தது. நான் கைதட்டப் போனேன். அதற்குள் அடுத்த குரல் வந்தது. ஊர்ல எவன் சுத்தம், கையெழுத்துதானே, போட்டுட்டு வாங்க. என்ன ஒரு கரிசனம், என்ன ஒரு தெளிவு! 'வாங்க'வோடு படம் நின்றுவிட்டது. 'வீட்டுக்குப் போலாம்' இல்லை. மேலாளர் பிளக்கைப் பிடுங்கியது இல்லை. அண்ணி 'மாட்டேன்' என்றது இல்லவே இல்லை.

எனக்குக் காது சுட்டது. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் நானே கேட்டேன். "இதை மேலிடத்துக்கு அனுப்பணுமா?"

"வேற வழி இல்ல."

"நான் பேசறதை மட்டும்..." முடிக்கவில்லை நான்.

அண்ணி என்னை நேராகப் பார்த்தாள். "நாலஞ்சு துண்டுதான். எடுத்தா ஒட்டுப்போட்டது தெரியாது. நீ கேட்டா எடுத்துடறேன். கேக்கறியா?"

அவள் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே செய்வாள். அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு வரிக்காகத் தன் வேலையை விட்டெறிந்துவிட்டு வந்தவள், எனக்காக, நான் வெட்கப்படக் கூடாது என்பதற்காக, அந்த வீடியோவில் கை வைக்கத் தயாராக இருக்கிறாள். யாராவது கண்டுபிடித்தால் 'பதிவுகளை அழித்தவள்' என்பது அவள் நெற்றியில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியாதா?

"கேக்கல" என்றேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. கூடத்திலிருந்து அண்ணன், "என்னாச்சு? எல்லாம் சரியாயிடும்" என்றான்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் நகம் கடிக்க வேண்டாம். மேலாளரை மாற்றிவிட்டார்கள், இதைவிடப் பெரிய ஆபீசுக்கு. அண்ணிக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, சந்தேக வரி இல்லாமல். ஒன்பது பேருக்கும் லைசென்ஸ் கிடைத்தது. ரொட்டி வண்டிக்காரி வாங்க வந்தபோது நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? 'இறங்கு' இன்னமும் சாவியைத்தான் முதலில் உருவுகிறார், ஆனால் இப்போது கேமராவைப் பார்த்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உருவுகிறார்.

இதெல்லாம் நடப்பதற்கு, மேலிடத்தில் ஒரு காலை நேரம் கடக்க வேண்டியிருந்தது. பெரிய மேஜை, மெத்தை நாற்காலி, கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மா. வீடியோவை ஓடவிட்டார்கள். என் குரல் அந்த அறை முழுக்கக் கணீரென்று கேட்டது. போட்டுட்டு வாங்க. அதோடு திரை கறுத்தது.

மேலாளர் கொஞ்சமும் கலங்கவில்லை. "சும்மா சோதிச்சுப் பாத்தேன் மேடம். எந்த அளவுக்குப் போவாங்கன்னு. சொந்தக்காரங்களே எடுத்துச் சொன்னாங்க, இவங்களும் சரின்னு ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு மேல கேக்கப் பிடிக்காமதான் பிளக்கைப் பிடுங்குனேன்."

அண்ணி எழுந்து, தான் மறுத்ததாகச் சொன்னாள். அவள் வார்த்தை, அவர் வார்த்தை. அதிகாரி அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அந்த ரூம்ல மூணாவதா இருந்தது நீங்க. வீடியோ நின்ன அப்புறம் என்ன நடந்துச்சு?"

மேலாளரும் என்னைப் பார்த்தார். என் லீவு, என் இன்கிரிமென்ட், என் ஜன்னல் எல்லாம் அந்தப் பார்வையில் வரிசையாக நின்றன.

"அவங்க மாட்டேன்னு சொன்னாங்க மேடம்" என்றேன். அண்ணி சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன்.

"சொந்தக்காரங்கங்கறதால சொல்றீங்களா?"

"சொந்தக்காரியா அன்னிக்கு நான் சொன்னதைத்தான் இப்பக் கேட்டீங்களே மேடம். கையெழுத்துப் போடச் சொன்னது நான். அது வீடியோல இருக்கு. மாட்டேன்னு சொன்னது அவங்க. அது இல்ல. என் பேச்சைத் தொலைச்சிட்டு அவங்க பேச்சை வச்சிருந்தா எனக்கு எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். ஆனா அவங்க செஞ்ச மெஷின், பேசறது யாருன்னு பாக்காது."

அதிகாரி அம்மா பேனாவின் மூடியைக் கழற்றி, எழுதிக்கொள்ள வேண்டும், முதலிலிருந்து மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன், என்னுடைய வரியையும் சேர்த்து.